பள்ளிக்கு டெஸ்க் பெஞ்சு வாங்கிக் கொடுக்கும் முன்: எந்த வகை, என்ன அளவு, எந்த வழி?

முன்னாள் மாணவர்களின் வெள்ளி விழாச் சந்திப்பு முடிந்த கையோடு வாட்ஸ்அப் குழுவில் பணம் சேரத் தொடங்கிவிடும். "நம்ம பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க இன்னும் தரையிலதான் உட்காருதுங்க, டெஸ்க் பெஞ்சு வாங்கிக் கொடுப்போம்" என்று ஒருவர் எழுதுவார். ஒரே மாதத்தில் தொகை தேறிவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். கடைக்குப் போன் செய்கிறவரிடம் கடைக்காரர் கேட்பது ஒன்றே ஒன்று: "எத்தனை வேணும்?" ஆனால் விடை தெரிந்திருக்க வேண்டிய கேள்விகள் வேறு. எந்த வகுப்புக்கு? அந்தப் பிள்ளைகளின் உயரம் என்ன? அறை என்ன அளவு? பழையதில் எத்தனை தேறும்? உடைந்தால் அந்த ஊரில் யார் சரிசெய்வார்கள்? இவற்றைக் கேட்காமல் வாங்கிய சாமான் மூன்றாவது ஆண்டிலேயே மாடிப்படிக்குக் கீழே குவியத் தொடங்கும்.

தமிழ்நாட்டு அரசு உயர்நிலைப் பள்ளியை, அதாவது 6 முதல் 10 வரை வகுப்புகள் உள்ள பள்ளியை மனத்தில் வைத்தே இந்த ஒப்பீடு. மேல்நிலைப் பள்ளிக்கும் பெரும்பாலும் பொருந்தும். தொடக்கப் பள்ளிக்குப் பொருந்தாது. அங்கே தரையில் வட்டமாக உட்கார்ந்து செய்யும் வேலைகள் அதிகம், தேவையும் வேறு.

அளவெடுக்காமல் ஆர்டர் கொடுக்காதீர்கள்

அளவு சொல்லாமல் உள்ளூர்ப் பட்டறையில் ஆர்டர் கொடுத்தால் உட்காரும் பலகை 18 அங்குலத்திலும் மேசை 30 அங்குலத்திலும் வரும். அது பெரியவர்களுக்கான உயரம். 18 அங்குலம் என்பது ஏறக்குறைய 46 செ.மீ. ஆறாம் வகுப்பில் 135 செ.மீ. உயரமுள்ள பிள்ளைக்கு முழங்கால் மடிப்பு தரையிலிருந்து சுமார் 34 செ.மீ.தான். கால் அந்தரத்தில் தொங்கும். தொடையின் அடிப்பக்கம் பலகை விளிம்பில் அழுந்தி மரத்துப்போகும். பிள்ளை நுனிக்கு நகர்ந்து உட்காரும், முதுகு சாய்மானத்தைத் தொடவே தொடாது. மேசை நெஞ்சு உயரத்தில் இருப்பதால் தோளைத் தூக்கிக்கொண்டு எழுதும்.

எளிய கணக்கு: உட்காரும் பலகையின் உயரம் பிள்ளையின் உயரத்தில் கால் பங்கு. மேசை அதற்கு மேல் 26 முதல் 28 செ.மீ. ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் இ.என். 1729 தரமும் இதை ஒட்டியே போகிறது: 133 முதல் 159 செ.மீ. வரை உயரமுள்ளவர்களுக்குப் பலகை 38, மேசை 64 செ.மீ.; 146 முதல் 176 வரை உள்ளவர்களுக்குப் பலகை 43, மேசை 71 செ.மீ. முதல் அளவுக்குச் சிவப்பு, இரண்டாவதற்குப் பச்சை என்று அதில் நிற அடையாளமும் உண்டு. வகுப்பறை நாற்காலி, மேசைகளுக்கு ஐ.எஸ். 4837 என்ற இந்தியத் தரமும் இருக்கிறது.

உயர்நிலைப் பள்ளிக்கு இந்த இரண்டு அளவுகள் போதும். 6, 7 வகுப்புகளுக்குச் சிறியது, 8 முதல் 10 வரை பெரியது. ஐந்து அளவு செய்தால் அறை மாற்றும்போது கலந்துவிடும். ஒரே அளவு செய்தால் பாதிப் பிள்ளைகள் துன்பப்படுவார்கள். மேசைக் காலில் ஒரு சிவப்புப் பொட்டு, ஒரு பச்சைப் பொட்டு வைத்துவிட்டால் தூக்கிப் போடுகிறவர்களுக்கும் குழப்பமில்லை. உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டால் உயர அளவுகள் கிடைக்கலாம். இல்லாவிட்டால் ஒரு பிற்பகல் வேலை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உட்காரும் பள்ளியாக இருந்தால் உயரங்களில் 1 முதல் 2 செ.மீ. குறைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அறை. 20 அடிக்கு 20 அடி அறையை எடுத்துக்கொள்வோம். இரண்டு பேர் உட்காரும் 4 அடி மேசை என்றால் அகலத்தில் மூன்று வரிசைதான் வைக்க முடியும். மூன்று மேசை 12 அடி, மீதி நடைபாதை. டெஸ்க்கும் பெஞ்சும் சேர்ந்த ஒரு தொகுதி முன்பின்னாக 2 அடி 8 அங்குலம் பிடிக்கும். ஐந்து வரிசைக்கு 13 அடி 4 அங்குலம் போக, கரும்பலகை முன்னால் ஆறரை அடி மிஞ்சும். ஆக 15 மேசை, 30 பேர். வகுப்பில் 38 பேர் இருந்தால் எட்டுப் பேருக்கு இடமில்லை.

மூன்றரை அடி மேசை என்றால் அகலத்தில் நான்கு போடலாம். நான்கு மேசைக்கு 14 அடி, நடுவே மூன்று இரண்டடிப் பாதைகள். ஓரத்து மேசைகள் சுவரோடு ஒட்டும். சுவர்ப்பக்கம் உட்காருகிறவர் பக்கத்திலிருப்பவரை எழுப்பித்தான் வெளியே வர வேண்டும். அது குறைதான். ஆனால் 20 மேசை, 40 இடம் கிடைக்கிறது. பொதுத்தேர்வில் வழக்கமாக ஓர் அறைக்கு 20 பேர், மேசைக்கு ஒருவர் வீதம் உட்கார வைப்பார்கள். 15 பெரிய மேசை போட்ட அறை அதற்குக் காணாது, 20 சிறிய மேசை போட்ட அறை அளவாக இருக்கும். தேர்வு மையமாக உள்ள பள்ளிக்கு இது ஒன்றே முடிவைத் தீர்மானித்துவிடும்.

மூன்று பேர் உட்காரும் ஐந்தடி மேசை எண்ணிக்கைக்கு மலிவு. 45 பேர் வரை அடக்கலாம். நடுவில் இருக்கிற பிள்ளைக்கு இரண்டு முழங்கையும் முட்டும், எழுந்து பதில் சொல்ல இரண்டு பேரைத் தொந்தரவு செய்ய வேண்டும், பலகை நீளம் அதிகமானதால் நடுவில் தொய்வும் விழும். மாணவர் எண்ணிக்கை 40-ஐத் தாண்டும் அறைகளுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்.

பழைய மர பெஞ்சை முதலில் புரட்டிப் பாருங்கள்

எந்தப் பள்ளியிலும் ஓர் அறை நிறைய பழைய மரச் சாமான் கிடக்கும். புதிதாக வாங்கும் உற்சாகத்தில் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் 40 ஆண்டுகளுக்கு முன் தேக்கிலோ வேங்கையிலோ செய்த பெஞ்சின் பலகை ஒன்றேகால் அங்குலம் கனம் இருக்கும். அந்த மரத்தை இன்று விலை கொடுத்து வாங்கப் போனால் மேசை ஒன்றின் விலையில் பலகை மட்டும்தான் வரும். அவற்றில் பெரும்பாலானவை உடைந்ததாகத் தோன்றுவதற்குக் காரணம் மூட்டு ஆடுவதுதான். மரம் நன்றாகவே இருக்கும்.

சோதிக்கும் முறை எளிது. கவிழ்த்துப் போட்டு, கால் நுனியையும் பலகையின் அடிப்பக்கத்தையும் திருப்புளியால் குத்துங்கள். உள்ளே இறங்கினால் கரையான் அரித்தது அல்லது உளுத்தது. அந்தத் துண்டை வெட்டி மாற்ற வேண்டும். இறங்காவிட்டால் மரம் திடமானது. கால் நுனி மட்டும் இரண்டு அங்குலம் கெட்டிருந்தால் நான்கு காலையும் ஒரே அளவுக்கு அறுத்துவிட்டாலே சிறிய பிள்ளைகளுக்கான உயரம் தானாக வந்துவிடும். ஆடும் மூட்டில் ஆணி அடிப்பது வீண் வேலை. மரம் பிளக்கும், ஆறு மாதத்தில் ஆணி வெளியே தலைகாட்டிப் பிள்ளையின் சட்டையைக் கிழிக்கும். மூட்டைப் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசை போட்டு இறுக்கி, உள்மூலையில் எல் வடிவ இரும்புப் பட்டையை 6 மி.மீ. போல்ட்டால் முடுக்க வேண்டும்.

குறை என்னவென்றால் மர பெஞ்சு கனமானது, இடம் பிடிப்பது. மேசையும் பெஞ்சும் தனித்தனியாக இருப்பதால் வரிசை கலையும். நல்ல ஆசாரி ஒரு நாளைக்கு மூன்று நான்கு பெஞ்சுதான் பார்ப்பார். ஆனாலும் இருபது பெஞ்சு தேறினால் புதிதாக வாங்க வேண்டியது இருபது குறையும். மிச்சமாகும் பணத்தில் புதியவற்றை ஒரு படி உயர்ந்த தரத்தில் செய்யலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தேறாத பழைய சாமானை எடைக்குப் போட்டு அந்தப் பணத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கூடாது. அது அரசுச் சொத்து. தளவாடப் பதிவேட்டில் இருக்கிறது. உரிய அலுவலரின் அனுமதி பெற்றுக் கழிவு செய்து, ஏலம் விட்டு, தொகையைக் கணக்கில் கட்ட வேண்டியது பள்ளியின் வேலை. நல்லெண்ணத்தில் லாரியில் ஏற்றி அனுப்பியது நான்கு ஆண்டு கழித்துத் தணிக்கையில் தலைமையாசிரியரின் தலையில் விடியும்.

உள்ளூர்ப் பட்டறையா, கம்பெனித் தயாரிப்பா?

பெரும்பாலான பள்ளிகளுக்கு எங்கள் பரிந்துரை, பத்து இருபது கிலோமீட்டருக்குள் உள்ள வெல்டிங் பட்டறையில் இரும்புச் சட்டமும் பிளைவுட் பலகையுமாகச் செய்துகொள்வது. காரணம் விலை மட்டும் இல்லை. ஐந்து ஆண்டு கழித்து ஒரு வெல்டிங் விட்டுப்போனால், செய்தவரே ஸ்கூட்டரில் வந்து அரை மணி நேரத்தில் ஒட்டிவிட்டுப் போவார். வெளியூர்க் கம்பெனி மேசையின் பிளாஸ்டிக் மூடி உடைந்தால் அந்த மாதிரி மூடி அப்போது தயாரிப்பிலேயே இருக்காது. ஆனால் பட்டறைச் சாமான் நன்றாக வருவது முழுக்க நீங்கள் எழுதிக் கொடுக்கும் விவரத்தைப் பொறுத்தது. "நல்லா பண்ணிக் குடுங்க" என்பது விவரம் ஆகாது.

குழாயிலிருந்து தொடங்குவோம். மூன்றரை அடி, இருவர் மேசைக்கு ஓர் அங்குலச் சதுரக் குழாய் ஏறக்குறைய 10 மீட்டர் பிடிக்கும். குழாயின் தகட்டுக் கனத்தில்தான் எல்லா வித்தியாசமும் இருக்கிறது. 16 கேஜ் என்றால் 1.6 மி.மீ.; மீட்டருக்கு சுமார் 1.18 கிலோ. 18 கேஜ் 1.2 மி.மீ.; சுமார் 0.9 கிலோ. 20 கேஜ் 0.9 மி.மீ.; சுமார் 0.68 கிலோ. ஆக ஒரே தோற்றமுள்ள மூன்று சட்டங்கள் முறையே 12, 9, 7 கிலோ எடை இருக்கும். பெயின்ட் அடித்த பிறகு கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆகவே விலைப்புள்ளி கேட்கும்போதே "பலகை இல்லாமல் சட்டத்தின் எடை எவ்வளவு" என்று எழுதி வாங்குங்கள். இறக்கும்போது ஏதாவது இரண்டைத் தராசில் வையுங்கள். குறைந்த விலை சொன்ன பட்டறைக்கும் அதிக விலை சொன்ன பட்டறைக்கும் உள்ள ரகசியம் அந்த எடையில் வெளிப்பட்டுவிடும்.

20 கேஜ் ஏன் கூடாது? வளைவது ஒருபுறம். அதைவிட, அவ்வளவு மெல்லிய தகட்டில் சாதாரண ஆர்க் வெல்டிங் செய்தால் ஓட்டை விழும். அதனால் வெல்டர் முழுமூட்டும் ஓட்டாமல் இரண்டு பக்கம் பொட்டு வைத்து விட்டுவிடுவார். பிள்ளைகள் பின்னால் சாய்ந்து சாய்ந்து ஆட்டும்போது முதலில் விடுவது அந்தப் பொட்டு. கால்களுக்கும் இருக்கைத் தாங்கிக்கும் 16 கேஜ் கட்டாயம். நடுக் குறுக்குச் சட்டங்களுக்கு 18 கேஜ் போதும். இருக்கைத் தாங்கி சாய்மானக் காலோடு சேரும் மூலையில் 3 மி.மீ. தகட்டில் வெட்டிய முக்கோண முட்டு ஒன்று வைத்துவிட்டால் மேசையின் மிகப் பலவீனமான இடம் பலப்பட்டுவிடும்.

அடிப்பாகத்தில் நான்கு தனிக் கால் வைத்து ரப்பர் புஷ் மாட்டுவது வழக்கம். புஷ் முதல் மாதத்திலேயே கழன்றுவிடும். திறந்த குழாய் நுனி சிமென்டுத் தரையைக் கொத்தும், தரை கழுவும் தண்ணீர் உள்ளே ஏறி உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கையிலேயே கால் நுனி பொடிந்து போவது இப்படித்தான். அதற்குப் பதில் முன்காலையும் பின்காலையும் தரையோடு ஒரு படுக்கைக் குழாயால் இணைத்து, இரு நுனியையும் தகடு வைத்து வெல்டிங்கால் அடைத்து, அடியில் போல்ட் போட்ட நைலான் குமிழ் வைக்கச் சொல்லுங்கள். பெருக்குவதற்குக் கொஞ்சம் இடைஞ்சல் என்று ஆயாம்மாக்கள் சொல்வார்கள், உண்மைதான். அதற்காகத் தரையிலிருந்து ஓர் அங்குலம் தூக்கி நிறுத்தினால் துடைப்பம் நுழையும்.

பெயின்டில், பவுடர் கோட்டிங் வசதி அருகில் இருந்தால் அதுவே மேல். ஆனால் துருவையும் எண்ணெய்ப் பிசுக்கையும் இரசாயனத் தொட்டியில் நீக்காமல் மேலோட்டமாகத் துடைத்துவிட்டுப் பவுடர் அடித்தால் ஒரே ஆண்டில் தகடு தகடாக உரியும். அதைவிட ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு, எனாமல் இரண்டு பூச்சு அடித்த சட்டம் நன்றாக உழைக்கும், பள்ளியிலேயே மறுபடி அடிக்கவும் முடியும். நாகப்பட்டினம், ராமநாதபுரம், தூத்துக்குடி போன்ற கடலோரப் பள்ளிகளுக்கு ஜி.ஐ. குழாய் வாங்குங்கள், வெல்டிங் செய்த இடங்களில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோவதால் அங்கே மட்டும் சிங்க் பிரைமர் தடவ வேண்டும். கடலோரத்துக்கு எவர்சில்வர் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். மலிவாகக் கிடைக்கும் 202 ரகம் உப்புக்காற்றில் துருப்புள்ளி விடும். 304 ரகம் தாங்கும், ஆனால் விலை எட்டாது.

பலகைக்கு வருவோம். துகள் பலகையும் எம்.டி.எஃப். எனப்படும் மரநார்ப் பலகையும் வகுப்பறைக்கு ஆகாது. ஜன்னல் வழியே சாரல் அடிக்கும், தண்ணீர் பாட்டில் கவிழும், ஓரம் உப்பிவிடும். திருகாணி பிடித்த இடம் பொடியாகி, பலகை சட்டத்திலிருந்து தனியே வந்துவிடும். வேண்டியது 18 மி.மீ. பிளைவுட், ஐ.எஸ். 303 தரத்தில் பி.டபிள்யூ.ஆர். ரகம், அதாவது கொதிநீரையும் தாங்குவது. கடையில் "கமர்ஷியல்" என்று சொல்லித் தருவது எம்.ஆர். ரகம், ஈரப்பதம் தாங்கும், தண்ணீர் தாங்காது. சந்தேகமிருந்தால் இரண்டங்குலத் துண்டு ஒன்றை வாங்கி வந்து கொதிக்கும் தண்ணீரில் இரண்டு மூன்று மணி நேரம் போடுங்கள். அடுக்குப் பிரிந்தால் சொன்ன ரகம் அது இல்லை.

எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றில் மூன்றரை அடி மேசை இரண்டு செய்யலாம். நீளவாக்கில் இரண்டு 42 அங்குலம் போக ஓரடிப் பட்டை மிஞ்சும். அதை நெடுக்காகப் பிளந்தால் இரண்டு மேசைக்கும் ஆறங்குலச் சாய்மானப் பலகை வந்துவிடும். மேசைப் பலகை 16 அங்குலம், இருக்கை 12, புத்தகத் தட்டு 10 என்று அகலவாக்கில் வெட்டிய பிறகும் கொஞ்சம் மிஞ்சும். இந்த வெட்டுப் படத்தை நீங்களே காகிதத்தில் வரைந்து கொடுத்துவிட்டால், மேசைக்கு முழு ஷீட் என்று கணக்குக் காட்ட முடியாது.

மேல்புறம் 1 மி.மீ. மைக்கா ஒட்டினால் அடிப்புறமும் மெல்லிய மைக்கா ஒன்று ஒட்ட வேண்டும். இல்லையென்றால் ஒரு பக்கம் மட்டும் ஈரம் இழுத்துப் பலகை வில்லாக வளையும். பளபளப்பான வெள்ளை வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் கண்ணில் அடிக்கும்; மங்கலான வெளிர் நிறம் போதும். ஓரத்துக்குப் பி.வி.சி. பட்டை ஒட்டித் தருவார்கள். பிள்ளைகள் விரல் நகத்தால் உரிப்பார்கள், பாடம் சலிக்கும்போது கைக்கு முதலில் எட்டுவது அதுதான். மர ரீப்பர் வைத்து ஓரத்தை உருட்டி இழைத்து வார்னிஷ் அடிப்பதே நிலைக்கும்.

பலகையைச் சட்டத்தோடு பிணைக்கச் சிறு திருகாணி போதாது. மேலே வழுவழுப்பான அரைவட்டத் தலை, கீழே நைலாக் நட் உள்ள 6 மி.மீ. போல்ட்டை முழுக்கத் துளைத்துப் போட வேண்டும். சாதாரண நட் என்றால் ஆட்டத்தில் தளர்ந்து கழன்றுவிடும். புத்தகத் தட்டின் உயரம் நான்கு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. பை முழுதும் நுழையும்படி ஆறேழு அங்குலம் வைத்தால் தட்டு தொடையில் இடிக்கும். பத்தாம் வகுப்புப் பையன்கள் காலைப் பாதைக்கு நீட்டிப் பக்கவாட்டில் திரும்பி உட்காருவார்கள். பை மாட்டக் கொக்கி வைப்பதானால் மேசைக்கு உள்பக்கம், பாதையில் நீட்டாமல். பாதைப் பக்கம் நீட்டிய கொக்கியும் வெல்டிங் பிசிறும் தாவணி, துப்பட்டாவைக் கிழிக்காமல் விடுவதில்லை.

மேசை விளிம்புக்கும் இருக்கை விளிம்புக்கும் இடைவெளி இரண்டு அங்குலம். பிள்ளைகள் எழுந்து நிற்க வசதியாக இருக்கட்டும் என்று பட்டறையில் ஐந்து ஆறு அங்குலம் விடுவார்கள். நிற்க வசதிதான், ஆனால் எழுதும் ஆறு மணி நேரமும் குனிந்தே இருக்க வேண்டும்.

எண்ணிக்கைக் கணக்குக்கு ஓர் உதாரணம்: ஐந்து வகுப்பு, வகுப்புக்கு 35 பேர் என்றால் 175 பேர், வகுப்புக்கு 18 வீதம் 90 மேசை. குழாய் 900 மீட்டர். ஆறு மீட்டர் நீளத்தில் 150, சேதாரத்தோடு 158. பிளைவுட் 45 ஷீட். இந்த இரண்டு எண்களைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைய இரும்பு, பிளைவுட் விலையைக் கேட்டுப் பெருக்கிப் பாருங்கள். மைக்கா, பெயின்ட், கூலி, வண்டி வாடகை சேர்த்துப் பட்டறைக்காரர் சொல்லும் விலை நியாயமா என்று உடனே தெரியும். ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்த விலையா, சேர்க்காததா என்பதையும் முதலிலேயே கேளுங்கள்; இரண்டு விலைப்புள்ளிகளை ஒப்பிடும்போது அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

கம்பெனித் தயாரிப்பு எப்போது நல்லது? குழுவில் ஒருவராலும் பட்டறைக்கு நான்கு முறை போய்ப் பார்க்க முடியாது, எல்லோரும் வெளியூர் என்றால் கம்பெனியே மேல். அளவு சீராக இருக்கும், பவுடர் கோட்டிங் முறையாக இருக்கும், உத்தரவாதச் சீட்டு கிடைக்கும். 1965-இல் தொடங்கிய தமிழ்நாடு சிறுதொழில் நிறுவனமான டான்சியும் அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் மர, இரும்புத் தளவாடங்கள் செய்து வருகிறது. அங்கேயும் ஒரு விலைப்புள்ளி வாங்கி வையுங்கள். எங்கே வாங்கினாலும் உயரம் இரண்டு அளவில் கிடைக்குமா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த விலைப்புள்ளியை ஒதுக்கிவிடலாம்.

மற்ற இரண்டு வகைகள்

பிளாஸ்டிக் இருக்கையும் மேசையும் பார்க்க அழகு, கரையான் தொடாது, எடை குறைவு. தண்ணீர் தேங்கும் பகுதிப் பள்ளிகளுக்கும் அடிக்கடி அறை மாற்றும் இடங்களுக்கும் யோசிக்கலாம். ஆனால் விரிசல் விட்டால் ஊரில் எவராலும் சரிசெய்ய முடியாது, முழு இருக்கையையும் மாற்ற வேண்டும். விரிசல் பெரும்பாலும் போல்ட் துளையிலிருந்து கிளம்பும். காம்பஸ் முனைக் கீறல் நிரந்தரம்.

எழுதும் பலகை வைத்த நாற்காலி உயர்நிலைப் பள்ளிக்கு ஏற்றதே இல்லை. பாடப்புத்தகம், நோட்டு, ஜியோமெட்ரி பாக்ஸ் மூன்றும் அதில் அடங்காது. இடது கைக்காரப் பிள்ளை உடம்பை முறுக்கிக்கொண்டு எழுதும். மடக்கும் கீல்தான் முதலில் போகும். கீல் போன நாற்காலி வெறும் நாற்காலி. கணினி அறைக்கோ ஆசிரியர் கூட்ட அறைக்கோ கொடுங்கள்.

தனித்தனி மேசை, நாற்காலி வேண்டும் என்று கேட்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். 2025 ஜூலையில் ‘ப’ வடிவ இருக்கை அமைப்பு பற்றித் தமிழ்நாட்டில் எழுந்த பேச்சுக்குப் பிறகு இந்தக் கேள்வி அதிகம். குழுவாக உட்கார்ந்து வேலை செய்ய அது நல்லதுதான். இடம் ஒன்றரை மடங்கு கேட்கும். மாணவர் எண்ணிக்கை 25-க்குள் உள்ள அறைக்கு ஏற்றது. 38 பேர் உள்ள அறையில் நடக்கப் பாதை இருக்காது. எந்த வகையானாலும் தரையில் போல்ட் அடித்துப் பதிக்க வேண்டாம்.

பொருளா, பணமா?

கொடுக்கும் வழி மூன்று. பொருளாக வாங்கி இறக்குவது. 2022 டிசம்பர் 19-இல் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் வழியாக அரசுப் பள்ளிக்குக் கொடுப்பது. பள்ளி மேலாண்மைக் குழு அல்லது பெற்றோர் ஆசிரியர் கழகக் கணக்கில் பணம் கட்டுவது. தலைமையாசிரியர் கையில் ரொக்கம் கொடுப்பது நான்காவது வழி அல்ல. எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும் அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடும் செயல் அது.

பொருளாகக் கொடுத்தால் தரம் உங்கள் கையில். வருமான வரியில் 80ஜி எனப்படும் நன்கொடை விலக்குக் கிடைக்காது, ஏனென்றால் அது பணக் கொடைக்கு மட்டும்தான். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் கிடையாது, புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கும் கிடையாது. வரி விலக்கை எதிர்பார்க்கும் ஓரிருவர் பெருந்தொகை கொடுப்பதாக இருந்தால், அல்லது நண்பர்களின் நிறுவனத்திலிருந்து சமூகப் பொறுப்பு நிதி வருவதாக இருந்தால், அரசுத் திட்டத்தின் வழியே போவது நல்லது. சின்னத் தொகையாக நூறு பேர் சேர்ந்தால் பொருளாகவே கொடுக்கலாம்.

வெளிநாட்டில் உள்ளவர்கள் விஷயத்தில் கவனம் தேவை. இந்தியக் குடியுரிமையோடு துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்கிறவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பில் சேராது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அது வெளிநாட்டுப் பங்களிப்பு. எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாத முன்னாள் மாணவர் சங்கம் அதை வாங்கக் கூடாது. பழைய வகுப்புத் தோழர்தானே என்று யாரும் யோசிப்பதில்லை.

சங்கம் 1975-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்படி பதிவாகியிருந்தால் அதன் கணக்கில் வசூலித்து அங்கிருந்தே பட்டறைக்குப் பணம் அனுப்புங்கள். பதிவில்லாத வாட்ஸ்அப் குழு என்றால் ஒருவரின் சொந்தக் கணக்கில் சில லட்சங்கள் குவிய விடாமல், ஒவ்வொருவரும் நேரே பட்டறையின் கணக்குக்கு அனுப்பி, வரவு விவரத்தைக் குழுவில் போடச் செய்வது சுத்தம்.

ஆர்டரிலிருந்து பதிவேடு வரை

பிப்ரவரியில் தலைமையாசிரியருக்குக் கடிதம் கொடுத்து, பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் பெறுங்கள். எந்த வகுப்புக்கு எத்தனை என்பது தீர்மானத்திலேயே இருக்கட்டும். மார்ச்சில் மாதிரி மேசை மட்டும், இரண்டு அளவிலும் ஒவ்வொன்று, செய்து வாங்கி வகுப்பில் இரண்டு வாரம் போடுங்கள். ஆறாம் வகுப்பில் மிகக் குள்ளமான பிள்ளையையும் பத்தாம் வகுப்பில் மிக உயரமானவரையும் உட்கார வைத்துப் பாருங்கள். பெரியவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். குறை தெரிந்தால் இரண்டு மேசையோடு போகிறது.

மாதிரி சரியென்றான பிறகு பாதிப் பணம் முன்பணம். மேமாதம் அறைகள் காலியாக இருக்கும்போது இறக்குவது எல்லோருக்கும் வசதி. பழையதை ஒதுக்கவும் நேரம் கிடைக்கும். ஆண்டு விழாவுக்கு முந்தின இரவு இறக்கினால் யாரும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள், ஈரப் பெயின்ட் சீருடையில் ஒட்டும். குட்டி யானை வண்டியில் எடைக் கணக்குப்படி 25 மேசை ஏற்றலாம் போலத் தோன்றும். உண்மையில் எடைக்கு முன் இடம் நிறைந்துவிடும். ஒரு நடைக்குப் பத்துப் பன்னிரண்டுதான் போகும். வண்டிச் செலவை அப்படிக் கணக்கிடுங்கள்.

இறக்கும்போது மூன்று பேர் வேண்டும். ஒருவர் எண்ண, ஒருவர் கவிழ்த்து வெல்டிங்கும் நட்டும் பார்க்க, ஒருவர் எண் எழுத. ஒவ்வொன்றின் அடியிலும் ஆண்டும் வரிசை எண்ணும் அழியாத பெயின்டில் எழுதுங்கள். கொடுத்தவர் பெயரைப் பலகையின் மேல் பெரிதாக எழுத வேண்டாம், பிள்ளைகள் எழுதும் இடம் அது. பக்கச் சட்டத்தில் விரல் நீளத்துக்கு வகுப்பு ஆண்டைப் போட்டால் போதும்.

மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை மூன்று மாதம் நிறுத்தி வையுங்கள். காலாண்டுத் தேர்வுக்குள் வெளிப்பட வேண்டிய குறை வெளிப்பட்டுவிடும். பட்டறைக்காரரும் வந்து பார்த்துச் சரிசெய்வார். கூடவே நூறு போல்ட், நூறு நைலாக் நட், நைலான் குமிழ் ஐம்பது, இரண்டு ஸ்பேனர், ஒரு லிட்டர் அதே நிற எனாமல் ஆகியவற்றை ஒரு தகரப் பெட்டியில் போட்டு அலுவலக அறையில் வையுங்கள். பில்லின் நகல், எண் பட்டியல், பட்டறையின் போன் எண் மூன்றையும் தலைமையாசிரியரிடம் கொடுத்து, தளவாடப் பதிவேட்டில் ஏற்றி, பக்க எண்ணோடு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தலைமையாசிரியர் மாறுதலில் போனாலும் அடுத்து வருகிறவர் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தே கணக்கை ஏற்றுக்கொள்வார்.